ஆடவர் மார்பும் சத்திர வைத்தியமும்

நேயர்களே, வானொலியருகே அமர்ந்திருக்கும் ஆடவர்கள் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். வலது உள்ளங்கையை இடுப்பின்மேல் வைத்து உட்புறமாக நன்கு அழுத்துங்கள். அவ்வாறு அழுத்திக்கொண்டே இடக்கை விரல்களால் வலது அக்குளின் முன்விளிம்பைப் பற்றிப் பாருங்கள். கயிறு முறுக்கேறினாற்போல ஒரு தசை அங்கே இறுகி நிற்பதை உணர்வீர்கள். அதுவே மார்பின் பெருந்தசை. காறையெலும்பிலும் நெஞ்செலும்பிலும் விலாவின் முன்பகுதியிலும் விசிறிபோல விரிந்து தொடங்கும் அது, ஒன்றாகக் குவிந்து மேற்கையெலும்பிற் சென்று பொருந்துகின்றது. கையை மார்புக்குக் குறுக்கே இழுப்பது அதன் தொழில். தோணி வலிப்பவனுக்கும், குழந்தையை நெஞ்சோடு அணைப்பவனுக்கும் உதவுவது அதுவே. சிற்பிகள் ஆண்மைக்கு அடையாளமாகக் கல்லிலே வடிப்பதும் பெரும்பாலும் இத்தசையையே.

இத்தசை பிறவியிலேயே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 1841ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலுள்ள கைஸ் வைத்தியசாலையில், அல்பிரட் போலந்து என்னும் மாணவர் ஒரு கைதியின் சடலத்தை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இடப்பக்க மார்பிலே பெருந்தசையின் பெரும்பகுதியைக் காணவில்லை. காறையெலும்பிலிருந்து வரும் பகுதி மாத்திரமே இருந்தது. அதற்கு அடியில் இருக்கவேண்டிய சிறுதசை அடியோடு இல்லை. அப்பக்கத்துக் கைவிரல்கள் குறுகித் தோலாற் பிணைக்கப்பட்டிருந்தன. உயிரோடிருந்த காலத்தில் அம்மனிதரால் இடக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவர ஒருபோதும் இயலவில்லை என்ற ஒரு செய்தி மாத்திரம் போலந்துக்குக் கிடைத்தது. அவர் தாம் கண்டவற்றை வைத்தியசாலையின் ஏட்டிலே எழுதிவைத்தார்.

அவருக்கு முன்னரே பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தகைய உடல்களைக் கண்டு எழுதியவர்கள் உண்டு. ஆயினும் 121 ஆண்டுகள் கழித்து, 1962இல், அதே கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த பட்றிக் கிளாக்சன் என்னும் சத்திர வைத்தியர், போலந்தின் பெயரையே இக்குறைபாட்டுக்குச் சூட்டினார். இன்றும் அப்பெயரே வழங்குகின்றது. போலந்து நாட்டுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்பதைச் சொல்லிவைப்பது நலம். அந்நாட்டு மக்களிடையே தோன்றிய நோய் என்று எண்ணி மயங்குவோர் உளர்.

ஏறத்தாழ 30,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுவதாகப் பொதுவாகச் சொல்வர். பெண்களினும் ஆண்களிடத்தும், இடப்பக்கத்தினும் வலப்பக்கத்தும் மிகுதி. தாயின் வயிற்றிலே கரு ஆறு வார வளர்ச்சி எய்தும் வேளையில், அப்பக்கத்துக் கைக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்படுவதே காரணமென்று பலர் கருதுகின்றனர். தாய் உண்டதனாலோ, கிரகணத்தைப் பார்த்ததனாலோ வந்ததன்று.

இக்குறையோடு பிறந்தவர் பலர் எல்லா வேலைகளையும் செய்கின்றனர். அயலிலுள்ள மற்றைத் தசைகள் மெல்லமெல்ல அப்பணியை ஏற்றுக்கொள்கின்றன. அமெரிக்கக் கொல்ப் வீரர் பிரைஸ் மோல்டர் இக்குறைபாட்டுடன் பிறந்தவர். 2011இல் அந்நாட்டின் தொழில்முறைச் சுற்றுப்போட்டி ஒன்றில் அவர் முதலிடம் பெற்றார். கொல்ப் மட்டையை வீசுவதற்கு இரு கைகளும் மார்புக்குக் குறுக்கே வரவேண்டும் என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

ஆயினும், மனிதன் வேலை செய்வதற்கு மாத்திரம் பிறந்தவனல்லனே. யாழ்ப்பாணத்திலே நல்லூர்க் கந்தன் ஆலயத்தினுள் ஆடவர் மேலாடையைக் களைந்தே செல்கின்றனர். கிணற்றடியிலும் கடற்கரையிலும் அவ்வாறே. ஆடவனின் மார்பு நமது நாட்டிலே பலரும் காணும் உறுப்பு. பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு பக்க மார்பு திரண்டும், மறுபக்கம் விலாவெலும்பு தெரியத் தட்டையாகவும் இருக்கின்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாக் காலத்தில் அவன் ஆலய வாசல்வரை வந்து, வீட்டாருக்கு ஏதோ சாட்டுச் சொல்லித் திரும்பிவிடுகிறான். தாய் அதனைப் பக்திக் குறைவென்று எண்ணி ஏசவுங்கூடும். கழற்றாத அந்தச் சட்டையின் பாரம் எத்தகையது என்பது அவனுக்கே தெரியும். இத்தகையவனுக்குச் சத்திர வைத்தியம் என்ன செய்யக்கூடும்?

கிளாக்சன் பெயர் சூட்டிய அதே 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலே தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் இரு சத்திர வைத்தியர்கள், சிலிக்கோன் பசை அடங்கிய பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பினுள் வைத்தனர். இன்று ஆடவருக்கென ஆக்கப்படுவது அத்தகைய பையன்று. அது முழுவதும் திண்மையான, ஆயினும் இறப்பரைப்போல வளையக்கூடிய, சிலிக்கோன் கட்டி. ஒழுகுவதற்கு அதனுள்ளே பசை எதுவுமில்லை. பூரண மயக்கமருந்து கொடுத்து, அக்குளின் மடிப்பிலே சிறிது கீறி, பெருந்தசைக்கும் விலாவுக்கும் இடையில் ஓர் இடத்தை உண்டாக்கி, அக்கட்டியை மடித்து உட்செலுத்தி விரியவிடுவர். வடு அக்குள் மடிப்பில் மறைந்துவிடும்.

பெருந்தசை உள்ளவனுக்கு இது இலகுவான காரியம். அத்தசையே இல்லாதவனுக்குத்தான் சங்கடம். கட்டியைப் போர்த்துவதற்கு அவனிடம் தசையில்லை. மெல்லிய தோலின் கீழே அதன் விளிம்பு தெரியக்கூடும். தேவை மிகுந்தவனுக்கே பலன் அரிதாக இருக்கின்றது. ஆகவே சிலருக்கு முதுகின் அகன்ற தசையை, அதன் இரத்தக்குழாய்கள் அறாதபடி, அக்குளின் வழியாகத் திருப்பி முன்னே கொணர்ந்து மார்பிலே பரப்புவர். முதுகிலிருந்து கடன் வாங்கி மார்புக்குக் கொடுப்பதாகையால், முதுகிலும் ஒரு வடுவும் சிறிது வலுக்குறைவும் ஏற்படும். வேறு சிலருக்கு வயிற்றிலோ தொடையிலோ உள்ள கொழுப்பை உறிஞ்சியெடுத்து மார்பிலே சிறிதுசிறிதாகப் புகுத்துவர். அதில் ஒரு பகுதி கரைந்துபோகும். ஆதலால் ஒரு முறையோடு முடிவதில்லை. சிலிக்கோன் கட்டியையே வைப்பதாயினும், முன்னாளிற் பரிஸ் சாந்தினால் மார்பை அச்செடுத்து அவரவர்க்கு ஏற்பச் செய்தனர். இப்பொழுது கணினியின் துணையோடு எடுக்கும் கதிர்ப்படத்தின் அளவுகொண்டு செய்கின்றனர்.

ஆபத்துகளையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கட்டியைச் சுற்றி நீர் தேங்கலாம், இரத்தம் கட்டலாம். கிருமி புகுந்தால் கட்டியை வெளியே எடுக்கவேண்டி வரும். அது இடம் பெயரலாம். உடல் அதனைச் சுற்றி நாரினாலான உறையொன்றைப் பின்னும். அவ்வுறை சில வேளைகளில் இறுகி உருவத்தைக் கோணலாக்கும். சத்திரசிகிச்சையின் பின் பல வாரங்களுக்குப் பாரம் தூக்கலாகாது. யாவற்றுக்கும் மேலாக ஒன்று: அக்கட்டி தசையின் உருவத்தைத் தருமேயன்றி வலுவைத் தராது. பேச்சின் தொடக்கத்தில் நேயர்கள் செய்த சோதனையை அப்பையன் சத்திரசிகிச்சையின் பின் செய்தாலும், அவன் கைக்கு எதுவும் இறுகித் தட்டுப்படாது. இதனைத் தெளிவாக அறிந்தபின்னும், வாசலைத் தாண்டி உள்ளே சென்று கும்பிட்டால் போதும் என்று அவன் சொல்வானாயின், அது வீண் ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இதுவரை பேசியது குறையோடு பிறந்தவனைப் பற்றி. இதே கட்டியை, யாதொரு குறையுமில்லாத ஆடவரும் இன்று விரும்பி வைத்துக்கொள்கின்றனர். உடலழகுக்காக இதனைச் செய்யும் முறைகள் 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்கச் சத்திர வைத்திய ஏடுகளில் விவரிக்கப்பட்டிருந்தன. தேகாப்பியாசத்தால் வளராத மார்பைக் கத்தியினால் வளர்ப்பது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் வேடிக்கை செய்து ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடன்று. பல்லை நேராக்குவோரையும் தலைமயிருக்குச் சாயமிடுவோரையும் நாம் பழிப்பதில்லையே.

கவலைக்குரியது பிறிதொன்று. அமெரிக்காவிலே ‘ஜி. ஐ. ஜோ’ என்ற போர்வீரப் பொம்மை 1964இல் விற்பனைக்கு வந்தது. அப்பொம்மையின் வெவ்வேறு காலத்து உருவங்களை ஹரிசன் போப் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய துணைவர்களும் அளந்து, 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பொம்மை ஓர் ஆளின் உயரமிருந்தால் அதன் புயம் எவ்வளவு பருமனாயிருக்கும் என்று கணக்கிட்டனர். பழைய பொம்மையின் புயச் சுற்றளவு ஏறத்தாழ 12 அங்குலம். 1990களில் வந்த பொம்மை ஒன்றின் புயமோ 26 அங்குலத்துக்கும் மேல்! மார்பும் அவ்வாறே பருத்திருந்தது. இப்பொம்மைகளோடு விளையாடி வளர்ந்த சிறுவன் கண்ணாடியிலே தன்னைப் பார்க்கும்பொழுது எதைக் காண்பான்?

இயல்பான உடலைக் குறையுடையதாகவே காணும் ஒரு மனநோயை 1891இலேயே இத்தாலிய வைத்தியர் என்றிக்கோ மொர்செல்லி விவரித்துள்ளார். நன்கு திரண்ட தசையுள்ள இளைஞர் தம்மை மெலிந்தவராகவே எண்ணி வருந்தும் நிலை, அதன் ஒரு வகையென்று இன்று கொள்ளப்படுகின்றது. இத்தகையவருக்குக் கத்தியால் நிறைவு கிட்டுவது அரிது. மார்பைத் திருத்தினால் புயம் சிறிதாகத் தோன்றும். புயத்தைத் திருத்தினால் கெண்டைக்கால் சிறிதாகத் தோன்றும். எனவே, கத்தியை எடுக்குமுன் இந்த நோயாளியைப் போலந்துக் குறையுடைய பையனிடமிருந்து பிரித்தறிவது சத்திர வைத்தியரின் கடமை. உடல் அளவுகளைக் கொண்டு அதைப் பிரித்தறிய முடியாது. ஆறுதலாக அமர்ந்து கேட்டுத்தான் அறியவேண்டும். ஒரு நாளில் எத்தனை நாழிகை கண்ணாடி முன் நிற்கிறீர், இவ்வெண்ணத்தால் வேலையைக் கைவிட்டீரா என்றெல்லாம் கேளாமல், முதற் சந்திப்பிலேயே திகதி குறித்துப் பணம் பெறும் வைத்தியரிடமிருந்து விலகி நிற்பதே தக்கது.

கத்திக்கு அஞ்சி ஊசியை நாடுவோரும் உளர். அது அதனினும் கொடிது. 1899இல் வியன்னா நகரிலே றொபேட் கெர்சுனி என்னும் வைத்தியர், நோயினால் ஓர் உறுப்பை இழந்த இளைஞருக்கு அவ்விடத்தை நிரப்பும்பொருட்டு வசலினை ஊசிமூலம் ஏற்றினார். எளிய முறையென்று கண்டு, பரபின் மெழுகையும் இவ்வாறே முகத்திலும் மார்பிலும் ஏற்றத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அவ்விடங்கள் கல்லாய் இறுகிப் புண்ணாகிச் சீழ்கொண்டன. சிலரிடத்து மெழுகு இரத்தத்திற் கலந்து பார்வையையும் பறித்தது. அம்முறை கைவிடப்பட்டது. ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து, தேகாப்பியாசம் செய்யும் இளைஞரிடையே எண்ணெயைத் தசைக்குள் ஏற்றும் வழக்கம் மீண்டும் தலைகாட்டியது. அது தசையை வளர்ப்பதில்லை, எண்ணெயைத் தேக்கிவைக்கின்றது. கட்டியைப் பழுதின்றி வெளியே எடுத்துவிடலாம். தசையெங்கும் பரவிய எண்ணெயை அவ்வாறு எடுக்க இயலாது. தசையையும் சேர்த்தே வெட்டவேண்டி வரும்.

பெற்றோருக்கு ஒரு சொல். குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரு அக்குள்களின் முன்விளிம்பும் ஒத்திருக்கின்றனவா, கைவிரல்கள் இரு பக்கமும் ஒரே நீளமா என்று பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். விலாவெலும்பும் சிறுநீரகமும் செவ்வனே உள்ளனவா என்று அவர் பரிசோதிப்பார். ஒட்டிய விரல்களைச் சிறு வயதிலேயே பிரிப்பது நன்று. மார்பைத் திருத்துவதற்கு அவசரமில்லை. பையன் வளர்ந்து முடியும்வரை பொறுத்திருந்து, அப்பொழுது அவனையே கேட்கலாம்.