மாநிலத்தின் வக்கீல் யாருக்காக வாதாடுகிறார்?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேர்தல் வந்தால் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார், முதலமைச்சர் யார் என்று நாம் பேசுகிறோம். டீக்கடையில் பேசுகிறோம், ரயில் பெட்டியில் பேசுகிறோம். ஆனால் நம் குடிசையை இடிக்கலாமா கூடாதா என்று ஒரு வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனால், அங்கே மந்திரி வந்து நிற்பதில்லை. அரசாங்கத்தின் சார்பில் கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் எழுந்து நிற்கிறார். அவர் சொல்வதே அரசாங்கத்தின் சொல்லாகக் கோர்ட்டுக் காகிதத்தில் ஏறுகிறது. அவர் யார்? அவரை அங்கே நிறுத்தியவர் யார்? அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நம் நாட்டு ஏற்பாட்டைப் பார்ப்போம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அட்வகேட் ஜெனரல் இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 165-வது பிரிவு. ஹைகோர்ட் நீதிபதியாவதற்குத் தகுதியுள்ள ஒருவரைக் கவர்னர் நியமிக்கிறார். கவர்னர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆகவே ஆளைப் பொறுக்கி எடுப்பது ஆளும் கட்சிதான். எத்தனை ஆண்டுப் பதவி என்ற கணக்குக் கிடையாது. கவர்னரின் விருப்பம் உள்ளவரை பதவி. ஆட்சி மாறினால் பழையவர் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதும் புதியவர் வருவதும் வழக்கமாகிவிட்டது. அரசாங்கத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்வதும், அது ஒப்படைக்கிற சட்ட வேலைகளைச் செய்வதும் அவர் கடமை. 177-வது பிரிவின்படி அவர் சட்டசபைக்கு வந்து பேசலாம். ஓட்டுப் போட முடியாது.

இந்த ஏற்பாட்டில் மக்கள் எங்கே வருகிறார்கள்? நேராக எங்கேயும் வரவில்லை. நாம் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிறோம்; எம்.எல்.ஏ.க்கள் முதலமைச்சரைத் தாங்கி நிற்கிறார்கள். முதலமைச்சர் அட்வகேட் ஜெனரலைக் கொண்டுவருகிறார். மூன்று படி தள்ளி நிற்கிறோம்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். அங்கே மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரிக்கு அட்டர்னி ஜெனரல் என்று பெயர். 50 மாநிலங்களில் 43 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்து மாநிலங்களில் கவர்னர் நியமிக்கிறார். மெய்ன் மாநிலத்தில் சட்டசபை தேர்ந்தெடுக்கிறது. டென்னஸியில் மாநில சுப்ரீம் கோர்ட்டே நியமிக்கிறது. தேர்ந்தெடுக்கப்படுபவருக்குப் பெரும்பாலும் நான்கு ஆண்டுப் பதவி. மாநிலச் சட்டங்களுக்காக வாதாடுவது, அதிகாரிகளுக்கு ஆலோசனை சொல்வது என்பதோடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை. கலப்படக்காரன், மோசடிக் கம்பெனி, கூலியை விழுங்குகிற முதலாளி இவர்கள்மீது மக்கள் சார்பில் வழக்குப் போடுவதும் பல மாநிலங்களில் அவர் பொறுப்பில் இருக்கிறது. மறு தேர்தலில் ஜனங்களிடம் போய், "யாரைப் பிடித்தேன், எவ்வளவு பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தேன்" என்று அவர் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதனால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். மிசிசிப்பி மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1994-ல் அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த மைக் மூர், சிகரெட் கம்பெனிகள்மீது வழக்குத் தொடுத்தார். சிகரெட்டால் நோயாளியான ஏழைகளுக்கு மாநிலம் வைத்தியச் செலவு செய்கிறதே, அந்தப் பணத்தை லாபம் சம்பாதித்த கம்பெனிகள் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வாதம். அந்த மாநிலத்துக் கவர்னருக்கு இது பிடிக்கவில்லை. வழக்கை நிறுத்தச் சொல்லி அவரே கோர்ட்டுக்குப் போனார். நிறுத்த முடியவில்லை. ஏனென்றால் மூர் கவர்னர் வைத்த ஆள் அல்ல, ஜனங்கள் வைத்த ஆள். மற்ற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வழக்கில் இறங்கின. மிசிசிப்பி உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் தனியாகச் சமரசம் செய்துகொண்டன. 1998 நவம்பரில் மற்ற 46 மாநிலங்களோடு கம்பெனிகள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. முதல் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. நம் ஊரில் முதலமைச்சர் வேண்டாம் என்று சொன்ன பிறகு ஒரு அட்வகேட் ஜெனரல் இப்படி ஒரு வழக்கை நடத்தியிருக்க முடியுமா? சிந்தித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஃபுளோரிடா மாநிலத்தில் கிதியன் என்ற ஏழை மனிதர் திருட்டுக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டார். வக்கீல் வைக்கப் பணமில்லை, கோர்ட்டே ஒருவரைக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை. தண்டனை கொடுத்தார்கள். சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிச் சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார். ஃபுளோரிடாவின் அட்டர்னி ஜெனரல், நமக்கு ஆதரவாக வாருங்கள் என்று மற்ற மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். வந்தவை இரண்டே மாநிலங்கள். மினசோட்டாவின் அட்டர்னி ஜெனரல் வால்டர் மாண்டேல் போன்றவர்களின் முயற்சியால் 22 மாநிலங்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்து, அந்த ஏழைக்கு வக்கீல் கொடுக்கத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தன. 1963-ல் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அப்படியே தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டுகிற அரசாங்கத்தின் வக்கீல்களே, குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் வக்கீல் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு மாநிலத்தின் வக்கீல் இப்படியும் இருக்க முடியும்.

கமலா ஹாரிஸ் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரம். கமலா 2021-ல் துணை ஜனாதிபதியானபோது அந்த ஊரில் வெடி வெடித்தார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் ஏறிய படி எது? 2010 தேர்தலில் மிகக் குறுகிய வித்தியாசத்தில் வென்று கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் ஆனார். வேறு நாட்டிலிருந்து குடியேறிப் பிழைத்த இருவரின் மகள், ஒரு பெரிய மாநிலத்தின் வக்கீலாக ஜனங்கள் ஓட்டால் வர முடிந்தது. பெருமைப்படுவது இருக்கட்டும்; வழி எப்படித் திறந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆகா, தேர்தல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்ட வேண்டியது நம் கடமை.

1956-ல் அலபாமா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சனும் ஓட்டு வாங்கி வந்தவர்தான். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தை மாநிலத்திலிருந்தே விரட்டக் கோர்ட்டுக்குப் போனவர் அவர். சங்க உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடு என்றார்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போகும், வீடு எரியும் என்று சங்கம் மறுத்தது. மாநிலக் கோர்ட் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. 1958-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே 1958-ல் பேட்டர்சன் கவர்னராகவே ஜெயித்துவிட்டார்! எப்படி? அலபாமாவில் மிகப் பெரும்பாலான கறுப்பின மக்களை ஓட்டர் பட்டியலிலேயே சேர விடவில்லை. ஓட்டுப் போட்டவர்களுக்குப் பேட்டர்சன் உண்மையான ஊழியர். ஓட்டு இல்லாதவர்களுக்கு அவர் எமன். 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே நிலைமை மாறத் தொடங்கியது.

தோழர்களே, இந்த உரையின் சாரம் இதுதான். மாநிலத்தின் வக்கீலை நியமித்தாலும் சரி, தேர்ந்தெடுத்தாலும் சரி, பட்டியலில் பெயர் உள்ளவனின் முகம்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் இல்லாதவன் கோர்ட்டில் வெறும் "ஆக்கிரமிப்பாளன்".

இது தூர தேசத்துக் கதை மட்டும் அல்ல. 1981 ஜூலை 13 அன்று, அன்றைய பம்பாயில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப் போவதாக மகாராஷ்டிர முதலமைச்சர் அறிவித்தார். ஜூலை 23 அன்று இடிப்பு நடந்தது. 1961-ல் வறட்சியால் பிழைப்பிழந்து சேலத்திலிருந்து வந்த ஒரு நிலமற்ற கூலித் தொழிலாளியின் குடிசையும் அதில் போனது. அவர் தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலிக்கு வேலை பார்த்தவர். மனைவி, மூன்று மகள்களோடு அவரைச் சேலத்துக்குப் பஸ்ஸில் ஏற்றினார்கள். குடும்பம் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார். அவரோடு சேர்ந்து வழக்குப் போட்ட மற்றொருவர் மகாராஷ்டிரத்தின் சங்கம்னேரிலிருந்து வந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி. அடி விழுந்தது மொழி பார்த்து அல்ல, ஏழ்மை பார்த்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சுப்ரீம் கோர்ட்டில் மாநில அரசு சொன்ன பதில் என்ன? யாரையும் நாடு கடத்துவது போல் அனுப்பும் எண்ணம் இல்லை. ஊருக்குப் போக விரும்பியவர்களுக்கு வண்டியும் வழிச்செலவும் கொடுத்தோம். 1,024 பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றது. பஸ்ஸில் ஏற்றப்பட்டவர் சொல்வது ஒன்று, அரசாங்கத்தின் காகிதம் சொல்வது இன்னொன்று! 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடக்கம் என்று சொன்னது அந்தத் தீர்ப்பு. ஆனால் நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை அது கொடுக்கவில்லை. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை அகற்றக் கூடாது என்று மட்டும் தடுத்தது.

2020-லும் பார்த்தோம். மார்ச் 31 அன்று, காலை 11 மணி நிலவரப்படி யாரும் சாலையில் இல்லை என்று மத்திய அரசின் சார்பில் சுப்ரீம் கோர்ட்டில் சொல்லப்பட்டது. அதன் பிறகும் வாரக்கணக்கில் நடந்தவர்கள் எத்தனை பேர்! மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்து உறங்கிய 16 தொழிலாளர்கள்மீது சரக்கு ரயில் ஏறியதை நாம் மறந்துவிடவில்லை.

சரி, நாம் என்ன செய்வது? மூன்று காரியங்கள்.

ஒன்று, சட்டத்தில் இருக்கும் வாசலைத் தெரிந்துகொள்வது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91-வது பிரிவின்படி, பொதுமக்களுக்குத் தொல்லை தரும் காரியத்தை நிறுத்தச் சொல்லி அட்வகேட் ஜெனரல் வழக்குப் போடலாம். அப்படியானால் அவர் அரசாங்கத்தின் வக்கீல் மட்டுமல்ல, பொதுமக்களின் வக்கீலும்தான்! அவர் வரவில்லையென்றால், கோர்ட்டின் அனுமதி பெற்று நம்மில் இரண்டு பேரே வழக்குப் போடலாம். தனக்கென்று தனி நஷ்டம் காட்ட வேண்டியதில்லை. தெருவில் ஓடும் சாக்கடைக்கும், ஆலை கக்கும் விஷப் புகைக்கும் இது பொருந்தும்.

இரண்டு, இலவச சட்ட உதவி. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் கிடைக்கும். நம் தாய்மார்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

மூன்றாவதுதான் முக்கியம். ஓட்டர் பட்டியல். ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும், ஒரே தொகுதியில்தான் இருக்க வேண்டும் என்கிறது 1950-ம் ஆண்டுச் சட்டம். புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. இடம் மாறி வந்தவர்களுக்குப் படிவம் 8. "ஊர் ஓட்டுப் போய்விடுமே, பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் பங்காளிகள் கூப்பிடுவார்களே" என்று தயங்குகிறவர்களை நாம் அறிவோம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறந்த மண்ணோடு இருக்கும் கடைசிக் கயிறு அது என்று நினைக்கிறோம். ஆனால் இருபது ஆண்டாக இங்கே வேர்வை சிந்துகிறோம். பிள்ளை படிப்பது இங்கே. தண்ணீருக்கு வரிசையில் நிற்பது இங்கே. புல்டோசர் வந்தால் வருவதும் இங்கேதான். அன்றைக்குக் கோர்ட்டில் எழுந்து நிற்பவர் இந்த மாநிலத்து அட்வகேட் ஜெனரல். அவரை நியமிப்பது இந்த மாநிலத்து ஆட்சி. ஊரில் போட்ட ஓட்டு அவர் காதில் விழாது.

அமெரிக்காவைப் போல் நாமும் அட்வகேட் ஜெனரலுக்குத் தேர்தல் வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவரை நியமிப்பவர்கள் நம் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாக வேண்டிய நிலையை உண்டாக்குவோம் என்றுதான் சொல்கிறோம். இதோ மேசையில் படிவங்கள் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நம் இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகுமுன் கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.