சொல் கேளாத வண்டி



கல்முனைப் பக்கத்து ஊர்களில் ஒருவர் கார் வாங்கிவிட்டால், மறுநாளிலிருந்தே ஊரார் அவரை வேறு கண்கொண்டு பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணத்துக்கு அழைப்பவர்கள், "வண்டியோடு வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் கண்டால், முதலில் தட்டப்படும் கதவு அவருடைய கதவுதான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இந்த மரியாதைக்கு நானும் ஆளானேன். நான் வாங்கியது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிக் களைத்த சிறிய கார். பின்புறத்தில் தனிப்பெட்டி நீண்டிராமல், பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் 'ஹேட்ச்பேக்' வகையைச் சேர்ந்தது. எந்தக் கம்பெனி செய்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அதன் குற்றங்களுக்குச் செய்தவர்களைப் பொறுப்பாக்குவது நியாயமன்று என்பதை, இந்தப் பேச்சு முடிவதற்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

அந்த வண்டியின் குணத்தைச் சற்றுக் கூறுகிறேன். வெயில் ஏறாத காலையிலே குழந்தையைப்போலச் சொன்னபடி கேட்கும். உச்சிப் பொழுதிலே, அதுவும் சந்தைக் கூட்டத்தின் நடுவிலே, நின்றுவிடும். மழை நாளில் கிளம்ப மறுக்கும். நேரந்தவறாமையின் சிறப்பைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நான் எடுத்துரைத்த அன்றே, கல்வி அலுவலகக் கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அதிபரின் காரைத் தள்ளுவது எங்கள் பாடசாலையில் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடம். தரம் பதினொன்று மாணவர்கள் அதிலே விசேட சித்தி பெற்றவர்கள்.

"இவ்வளவு தொல்லை தருகிற வண்டியை வைத்திருப்பானேன்?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை எங்கள் பிரதேசத்தின் அமைப்பிலே இருக்கிறது. 1928ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. அதற்குத் தெற்கே இருப்புப்பாதை வரவேயில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களையெல்லாம் ஒரு பெருந்தெருவே கோத்து நிற்கிறது. வைத்தியம், வழக்கு, கல்யாணம், ஜனாஸா எதுவானாலும் அந்தத் தெருவிலேதான் போக வேண்டும். தாயையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. பெரிய வாகனம் வாங்க ஆசிரியர் சம்பளம் இடங்கொடாது. இரண்டுக்கும் இடையிலே நிற்பதுதான் சின்னக் கார்.

சின்னக் கார் என்பதே நெருக்கடியின் பிள்ளை என்று சொல்லலாம். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியினால் இங்கிலாந்தில் பெற்றோல் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் விளைவாக, குறைந்த எரிபொருளில் நால்வர் போகத்தக்க 'மினி' காரை அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்தார். 1959இல் அது தெருவுக்கு வந்தது. முந்திய தலைமுறையினர் இங்கு மதித்துப் போற்றிய 'மொறிஸ் மைனர்' காரும் அவர் வடிவமைத்ததே. மேல்நோக்கித் திறக்கும் பின்கதவை ஏழை விவசாயியின் மூட்டைக்கும் உதவும்படி பிரான்சின் 'ரெனோ 4' 1961இல் கொண்டுவந்தது. 1983 டிசெம்பரில் இந்தியாவில் 'மாருதி 800' வெளிவந்தபோது, அதுவரை ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் காரிலே ஏறின. சிக்கனமும் தேவையும் சந்தித்த இடத்திலே இந்த வண்டி பிறந்தது. ஆகவே ஆசிரியன் வீட்டு வாசலில் அது நிற்பதில் வியப்பில்லை.

விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று நானும் எண்ணியதுண்டு. எண்ணி முடிப்பதற்குள் 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டிக்கெல்லாம் புது வண்டியின் விலை. விற்பவன் விற்ற பணத்திலே அதைவிட நல்லது ஒன்றை வாங்க முடியாது. 2022இல் எரிபொருளும் இல்லாமற் போயிற்று. நிரப்பு நிலையத்திலிருந்து தெருவெல்லாம் நீண்ட வரிசையில், பகலும் இரவுமாக வண்டிகளைத் தள்ளித் தள்ளி நகர்த்தினோம். புது வண்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் வண்டிக்கோ தள்ளப்படுவது புதிதன்று. அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கிய பிறகே மூச்சு வந்தது.

இதுவரை நான் சொன்னதெல்லாம் சிரித்துவிட்டு மறந்துவிடத்தக்கவை. சிரிக்க முடியாத ஒன்றை இனிச் சொல்ல வேண்டும்.

எங்கள் மெக்கானிக் என்னிடம் படித்தவர். கணக்கில் பின்தங்கியிருந்தவர், எஞ்சின் முன்னால் அவர் நிற்கும்போதுதான், அவரை எடைபோட்டதில் நான் பின்தங்கியிருந்தேன் என்பது தெரியும். ஒருநாள் வண்டியைப் பார்த்துவிட்டு, "சேர், கிணத்துத் தண்ணி ஊத்தாதீங்க. ரேடியேற்றர் அடைபட்டுப் போச்சு. கழற்றித்தான் பார்க்கோணும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. எஞ்சின் எரியும்போது உண்டாகும் வெப்பத்தை, உள்ளே ஓடும் நீர் எடுத்துக்கொண்டு வந்து, ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலே காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. எங்கள் கடலோரக் கிணற்று நீரிலே சுண்ணாம்பும் உப்பும் கலந்திருக்கின்றன. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை கிணறுகளில் உப்பை நிரப்பிச் சென்றதை எங்களில் யாரும் மறக்கவில்லை. அத்தகைய நீர் சூடேறும்போது, தேநீர்க் கேத்தலின் அடியிலே படியும் வெண்படலம் போன்ற ஒன்று அந்தக் குழாய்களிலும் படிகிறது. உப்பு இரும்பைத் தின்கிறது. துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. நீர் ஓடாவிட்டால் வெப்பம் வெளியேறாது. இதனாலேதான், துருவைத் தடுக்கும் மருந்து கலந்த குளிர்விக்கும் திரவத்தை ஊற்றச் சொல்கிறார்கள்.

இந்த விஞ்ஞானத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடசாலையின் அதிபர் நான். ஆயினும் மெக்கானிக்கிடம் என்ன சொன்னேன்? "இந்த மாதச் சம்பளம் வரட்டும், பார்ப்போம்" என்றேன். அப்படி மூன்று சம்பளங்கள் வந்து போயின. வெப்பமானியின் முள் வழக்கத்தைவிடச் சற்று மேலே நின்றது. அதுவும் நாளடைவில் கண்ணுக்குப் பழகிவிட்டது.

2023 ஓகஸ்டில் என் உம்மாவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு மட்டக்களப்பில் நாள் கொடுத்திருந்தார்கள். காலை ஏழரை மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வழி. உம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு கண்களிலும் புகைபோலத் திரை. நாள் கிடைத்ததிலிருந்து, கண் தெளிந்ததும் யார் யார் முகத்தைப் பார்ப்பதென்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். பெரியகல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி எல்லாம் தாண்டிக் களுதாவளையை அடைந்தபோது, முன்மூடியிலிருந்து வெண்புகை எழுந்தது. வண்டி நின்றது.

நான் பதற்றத்தோடு இறங்கி ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனேன். பக்கத்து வளவிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "சேர், கை வைக்காதீங்க!" என்று தடுத்தார். அவர் தடுத்திராவிட்டால், உள்ளே அழுத்தத்தோடு அடைபட்டிருந்த கொதிநீர் என் முகத்திலே பாய்ந்திருக்கும். அவருடைய மனைவியார் நாற்காலி கொண்டுவந்து உம்மாவை நிழலில் இருத்தினார். களுதாவளை வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஊர். தட்டத்தில் வெற்றிலையை வைத்துக் கொடுத்து, "யோசியாதேங்கம்மா, போய்ச் சேர்ந்திரலாம்" என்று தேற்றினார். அவர்களே தெருவில் நின்று கைகாட்டி பஸ்ஸை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸில் கூட்டம். இளைஞர் ஒருவர் இடங்கொடுக்கும் வரையில், கண் தெரியாத அந்த மூதாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அன்றைய பட்டியல் முடிந்துவிட்டது. வைத்தியசாலையாரைக் குறைகூற இடமில்லை. அவர்கள் சொன்ன நேரத்துக்கு நாம் போகவில்லை. ஆறு கிழமை கழித்து வேறொரு நாள் கொடுத்தார்கள். ஆறு கிழமை என்பது நமக்கு ஒன்றுமில்லை. சோற்றிலே மீன்முள் இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவி உண்ணும் ஒருவருக்கு அது எவ்வளவு காலம் என்பதை, அந்த ஆறு கிழமையும் அவருக்கு எதிரே இருந்து உண்டவன் நான் அறிவேன். உம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாம் முறை நாள் வந்தபோது, நான் எழுவதற்கு முன்பே என் தங்கையை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விட்டார். ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். ரேடியேற்றரைக் கழற்றி அதன் உள்ளே இருந்ததை மெக்கானிக் ஒரு தட்டில் கொட்டிக் காட்டினார். செங்கல்லை இடித்த தூள்போல இருந்தது. அவ்வளவையும் ஊற்றி வைத்தவன் நானே. வண்டி திடீரென்று என்னைக் கைவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உண்மையிலே அது மூன்று மாதம் முள்ளை உயர்த்தி உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல் கேளாதது வண்டி அன்று.

ஆசிரியர்களிடம் பாடக்குறிப்பு எங்கே என்று கேட்பவன், என் வண்டிக்கு ஒரு குறிப்பும் வைத்திருக்கவில்லை. இப்பொழுது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தோறும், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையிலே, திரவத்தின் அளவு, எண்ணெய், ரயரின் காற்று ஆகியவற்றைப் பார்த்து எழுதுகிறேன். பற்றரி முனைகளில் பூக்கும் வெண்பொடியைத் துடைக்கிறேன். கடற்காற்றின் உப்பு அடித்தகட்டைத் தின்னாதபடி நல்ல நீரால் கழுவுகிறேன். இவ்வளவுக்கும் கால்மணி நேரம் போதும். பழைய வண்டி பழைய வண்டிதான். இப்பொழுதும் சில வேளைகளில் நிற்கிறது. ஆனால் நிற்கப்போவதை முன்னரே அறிந்துகொள்ளுகிறேன்.

சில மாதங்களின் பின்னர் உம்மாவின் மற்றக் கண்ணுக்கு நாள் வந்தது. வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். உம்மா படியில் நின்றபடியே, "பஸ் இருக்குதானே மகன்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் வண்டியைப் பார்த்தார். ஒரு கண் தெளிந்திருந்தது. பிறகு, "தண்ணி பார்த்தியா?" என்று கேட்டார். கொப்பியை எடுத்து அன்று காலை எழுதியதை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். களுதாவளையில் அந்த வீட்டு வாசலில் நிறுத்தி, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, நேரத்தோடு மட்டக்களப்பு போய்ச் சேர்ந்தோம்.

இன்றைக்கும் உம்மா வண்டியில் ஏறுமுன் கேட்கும் கேள்வி அதுதான். வண்டி வைத்திருக்கும் நேயர்கள், உங்களை யாரும் கேட்குமுன்னரே, நாளைக் காலை முன்மூடியைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.