பேரி கனியட்டும்!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு பழத்தைப் பற்றிப் பேசுவோம். "பழத்தைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். நம் வீட்டுச் செலவும் பிள்ளைகளின் வயிறும் இதில் இருக்கின்றன.

சித்திரை, வைகாசியில் நமக்கு நுங்கும் பதநீரும் உண்டு. அது ஓய்ந்தாலும் நம்ம விருதுநகர் வெயில் ஓய்வதில்லை. ஆனி, ஆடியில் கொடைக்கானல் மலையிலிருந்து பேரிக்காய் இறங்கி வருகிறது. பெயரிலேயே காய் இருப்பதால் நாமும் அதைக் காயாகவே தின்று பழகிவிட்டோம். பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கும்மா" என்று தூக்கிப் போடுகிறார்கள். காசு குப்பைக்குப் போகிறது.

பேரியை முற்றியதும் பறித்து, வீட்டில் வைத்துத்தான் கனிய வைக்க வேண்டும். அது உள்ளேயிருந்து வெளியே பழுக்கும். அதனால் காம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கினால் பழம். உடம்பெல்லாம் அமுங்கட்டும் என்று காத்திருந்தால் நடுவில் கெட்டுப் போயிருக்கும்.

தகரக் கூரைச் சூட்டில் பேரி சரியாகக் கனியாது. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலாக வையுங்கள். காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு வைத்தால் சீக்கிரம் கனியும். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகிவிடும். சில காய் எத்தனை நாள் வைத்தாலும் கெட்டியாகவே இருக்கும். அதை வேகவைத்துக் கொள்ளலாம்.

இப்போது பலகாரத்துக்கு வருவோம்.

கருப்பட்டிப் பேரி: 4 பேருக்கு 4 பழம். கழுவி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, தோலோடு துண்டு போடுங்கள். 50 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துண்டுகளைப் போட்டு மூடி வேகவிடுங்கள். பழமானால் சில நிமிடம் போதும், காயானால் கூடுதலாகும். இறக்கும்போது சுக்குத்தூள், ஏலக்காய். ஆறியதும் கெட்டியான தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடலாம்.

பேரி அவல்: நனைத்த அவலில் நன்றாகக் கனிந்த பழத்தைப் பிசைந்து, தேங்காய்த் துருவல் சேர்த்தால் போதும். அடுப்பும் வேண்டாம், இனிப்பும் சேர்க்க வேண்டாம்.

6 மாதம் முடிந்த குழந்தைக்குத் தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்துக் கொடுங்கள். சர்க்கரை, கருப்பட்டி எதுவும் சேர்க்காதீர்கள்.

"கருப்பட்டி நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். அதுவும் சர்க்கரைதான். பெரியவர்கள் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள், இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. பழம் கனிந்தால் கருப்பட்டி குறையும். கனியும்வரை பொறுப்பதில் உள்ள லாபம் இதுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டி இல்லாமல் அளவாகச் சாப்பிடுங்கள்.

பேரி ரத்தம் ஊற வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குக் கீரையும் பயறும், கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ வேண்டும். பேரியில் இருப்பது நார்ச்சத்து, 100 கிராமில் ஏறத்தாழ 3 கிராம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து, தண்ணீரும் குறைவாகக் குடித்து, மலச்சிக்கலில் அவதிப்படுகிற நமக்கு அது பெரிய உதவி.

கடைசியாக, ஃபயர் ஆபீசுக்குப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்து வரும்போது மருந்துப் பொடி கையிலும் நகக்கண்ணிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது. வாசலிலேயே பிள்ளை ஓடிவந்து, "என்னம்மா வாங்கிட்டு வந்தே?" என்று கேட்கும். அந்தக் கையாலேயே நறுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சேலையை மாற்றுங்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுங்கள். அதற்குப் பிறகு கத்தியை எடுங்கள். மருந்து வயிற்றுக்குள் போனால் நல்ல பழமும் கெடுதலாகிவிடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு பெட்டிப் பேரியை மொத்தமாக வாங்கிப் பங்கு பிரியுங்கள். பாக்கெட் தின்பண்டத்துக்குப் போகிற காசில் வாரம் ஒரு நாள் இந்தப் பலகாரத்தைச் செய்து கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த மாதம் எங்களிடம் சொல்லுங்கள்.