தழும்பு உள்ள தோல்



எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு டேப்லெட் இருக்கிறது. மறையுரைக் குறிப்புகள், கட்டளை செபம், நோயாளிகளின் வீட்டு முகவரிகள் எல்லாம் அதில்தான். ஒருநாள் அது கைதவறி விழுந்து, கண்ணாடியின் மூலையில் கீறல் விட்டது. உடனே சென்னையில் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்துத் தோல் உறை ஒன்றை வாங்கினோம். கறுப்பு நிறம், கண்ணாடிபோல் பளபளப்பு, மூலையில் பொன்னெழுத்தில் 'ஜெனுவின் லெதர்'. இரவு உணவு மேசையில் ஆளுக்கு ஆள் கைமாற்றி, மூக்கருகே வைத்து முகர்ந்துகூடப் பார்த்தோம். நல்ல தோல் வாசனை என்று மகிழ்ந்தோம்.

ஒரே ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. மடிப்பில் வெடிப்பு விட்டு, மேல்பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கியது. "சாமி, பீடத் துணியில கறுப்பா பொடுகு கொட்டுது, நான் எத்தன தடவ துவைக்கிறது?" என்று கோவில்பிள்ளை சலித்துக்கொண்டார்.

முதல் திருப்பலிக்கு நாள்தோறும் வரும் பெரியவர் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளில் முப்பது ஆண்டுகள் தோலைத் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவர். இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். உறையை வாங்கியவர் அதன் முகப்பைப் பார்க்கவே இல்லை. வெடித்த ஓரத்தை நகத்தால் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது தோல் இல்ல சாமி. தோல் தூள். மேல ரெக்சின் மாதிரி ஒரு படலம்" என்றார்.

அன்று அவரிடம் கற்றுக்கொண்டதை, எங்களுக்குப் புரிந்த அளவில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். மாட்டுத் தோல் தடிமனானது. அதைக் கிடைவாக்கில் அறுத்து அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள். மயிர் இருந்த மேல் அடுக்கில் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், ஆயுள் அங்கேதான். கீழ் அடுக்கில் நார்கள் தளர்ந்திருக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசி, மேல்தோல் போலவே அச்சு பதித்து விற்பதுண்டு. வெட்டி எறிந்த துண்டுகளை அரைத்து, பசை சேர்த்துத் தகடாக்குவதும் உண்டு. எங்களுக்கு வாய்த்தது அதுதான். இதிலும் கொஞ்சம் தோல் இருக்கிறது என்ற தைரியத்தில் பொன்னெழுத்தைப் பதித்துவிடுகிறார்கள். அந்த எழுத்து தரத்துக்குச் சான்று அல்ல என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது என்று கேட்டோம். "ஓரத்தப் பாருங்க" என்றார். வெட்டிய ஓரம் கண்ணுக்குத் தெரிந்தால், நார் நாராக இருக்கிறதா, அல்லது துணிமேல் ஒட்டிய படலம்போல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஓரம் முழுவதையும் தடித்த வண்ணம் பூசி மறைத்திருந்தால், காமிரா துளையின் உள்விளிம்பைப் பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் பூச மறந்திருப்பார்கள். பிறகு கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நல்ல மேல்தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். பிளாஸ்டிக் பூச்சு வெறுமனே பள்ளமாகும். மயிர்க்கால் துளைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்க வேண்டும். தரைக்குப் பதித்த ஓடுபோல எல்லாம் ஒரே சீராக இருந்தால் அது இயந்திரத்தின் வேலை.

தையலை நாங்கள் ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்கவில்லை. நெருக்கித் தைத்தால் உறுதி என்றுதான் நினைத்திருந்தோம். அவர் சிரித்தார். ஊசித்துளைகள் மிக நெருக்கமாக இருந்தால், அஞ்சல்தலைத் தாள் கிழிவதுபோல் தோல் அந்த வரியிலேயே கிழியும். மூலைகளில் நூல் சுருக்கி இழுக்காமல் படிந்திருக்கிறதா என்பதே முக்கியம். டேப்லெட் உறைக்கு இன்னும் ஒன்று: திரையில் படும் உள்பக்கம் மென்மையாக இருக்க வேண்டும், பொத்தானோ உலோக விளிம்போ திரையைத் தொடவே கூடாது.

நெருப்பில் காட்டினால் நிஜத் தோல் மயிர் கருகும் நாற்றம் தரும், உண்மைதான். ஆனால் எந்தக் கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பார்? வாசனையையும் நம்ப வேண்டாம் என்றார், அதையும் தெளித்துவிடலாமாம்.

வாசனை என்று சொன்னதும் எங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வேலையில் இருந்த நாள்களில், தம் ஊர்க் கோவிலில் தாம் உட்காரும் பெஞ்சில் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்காருவார்கள் என்று பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி வந்தாலும் அப்படித்தானாம். சட்டையில் வாசனை வருகிறது என்பது காரணம். சாதியும் காரணம் என்பதை அவர் சொல்லவில்லை. நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதுமில்லை. உணவு மேசையில் உறையை ஆசையோடு முகர்ந்தவர்கள் நாங்கள். அதே வாசனையோடு ஒரு மனிதர் அருகில் வந்து அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

திருத்தூதர் பணிகள் நூலில் ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வரியை நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். பேதுரு யோப்பா நகரில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பல நாள் தங்கியிருந்தார் என்ற செய்தி அது. செத்த விலங்கைத் தொடுபவர் மாலைவரை தீட்டுள்ளவர் என்பது அன்றைய சட்டம். அந்தத் தொழிலையே நாள்தோறும் செய்பவரின் வீட்டில்தான் பேதுரு உண்டார், உறங்கினார். அந்த வீட்டு மேல்தளத்தில்தான் தூய்மை, தீட்டு பற்றிய காட்சி அவருக்குக் கிடைத்தது. கொர்னேலியுவுக்கு வானதூதர் சொன்ன அடையாளத்தைக் கவனியுங்கள்: கடலோரம், தோல் பதனிடுபவரின் வீடு. விண்ணகத்திலிருந்து வந்த முகவரி, இன்றைய பேச்சில் சொன்னால், ஒரு டேனரி முகவரி!

நம் ஊர்களில் அந்த முகவரிகள் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய், குரோம் உப்பு வந்தது. வேலை விரைந்தது, பாலாற்றுத் தண்ணீர் கெட்டது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, அங்கேயே படுத்துறங்கிய 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கி இறந்தார்கள். ஒரு தோல் பொருளின் தரத்தைக் கேட்கும்போது, மலிவாகக் கிடைத்ததா என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடுகிறது. அது எப்படி மலிவானது என்று நாம் கேட்பதில்லை.

பெரியவரே எங்களைப் பெரியமேட்டுக்கு அழைத்துப் போய்த் தோல் எடுத்துக் கொடுத்தார். நாங்கள் கறையே இல்லாத துண்டைக் கையில் எடுத்தோம். அவர் அதைத் திருப்பி வைத்துவிட்டு, உண்ணி கடித்த தழும்பும் முள் கீறிய கோடும் தெரிந்த ஒன்றை எடுத்தார். "தேய்ச்சு மறைக்காத தோல் சாமி இது. மாடு வாழ்ந்தது தெரியுது பாருங்க" என்றார். அவருக்குத் தெரிந்த தையல்காரர் தைத்துக் கொடுத்தார். கூலியோடு 2,600 ரூபாய். பேரம் பேச வாயெடுத்த எங்களைப் பெரியவர் ஒரு பார்வை பார்த்தார், அதற்குமேல் பேசவில்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. நனைந்தால் நிழலில் உலர்த்துகிறோம். பாலித்தீன் பையில் போட்டு மூடுவதில்லை, பூசணம் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. தோல் கறுத்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும் என்று பெரியவர் தடுத்துவிட்டார். கிருமிநாசினி தெளித்த கையோடும் தொடுவதில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு. ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் பெரியவர் பங்கு இல்லத் திண்ணையில் இருப்பார். கைப்பையோ, செருப்போ, உறையோ கொண்டுவந்து காட்டலாம். ரெக்சின் என்று அவர் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்கார்ந்தே பேசலாம்.