முக்திநாத யாத்திரையும் வான்வழிப் பாதுகாப்பும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து வாழும் நமக்கு ஒரு பேறு வாய்த்திருக்கிறது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான சாளக்கிராமத்துக்கு, அதாவது நேபாளத்து முக்திநாதத்துக்கு, நம் இல்லங்களிலிருந்து செல்லும் வழி குறுகியது. ஆகவே தாய்நாட்டிலிருந்து உற்றாரும் பெற்றோரும் நம்மிடம் வந்து தங்கி, நம் துணையோடு அங்குச் செல்ல விரும்புகின்றனர். அவர்கள் நம்மைக் கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்த விமானத்தில் கட்டணம் குறைவு என்பது ஒன்று; எந்த விமானம் நல்லது என்பது மற்றொன்று. முன்னதற்கு எந்தப் பயண முகவரும் விடை கூறுவார். பின்னதற்கு விடை காண்பது நம் கடமையாகும்.

முதலில் வழியின் இயல்பை அறிவோம். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் செல்லும் விமானப் பயணம் ஏறத்தாழ 20 நிமிடமே. ஆனால் விமானம் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கினூடே செல்கிறது. ஒருபுறம் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா. மறுபுறம் 8,167 மீட்டர் உயரமுள்ள தௌலகிரி. சிறு விமானங்கள் இம்மலைகளுக்கு மேலாகப் பறப்பதில்லை. இடையே நுழைந்து செல்கின்றன. முற்பகலிலேயே பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடுமாதலின், அவை காலை வேளையிலேயே புறப்படுகின்றன. விமானி தம் கண்ணால் வழி கண்டு செலுத்த வேண்டிய பாதை இது. மேகம் மறைக்குமாயின் திரும்பி வருதலே அறிவுடைமை.

இத்தகைய மலைப்பகுதிகளில் நேர்ந்த துயரங்கள் பல. 2011 செப்டம்பர் 25 அன்று, எவரெஸ்டுச் சிகரத்தைக் காட்டித் திரும்பிய விமானமொன்று காட்மாண்டுக்கு அருகே மேகத்தில் சிக்கிக் குன்றின்மேல் வீழ்ந்தது. மாண்ட 19 பேருள் எண்மர் நம் திருச்சிராப்பள்ளியினர். 2012 மே 14 அன்று ஜோம்சோம் அருகே வீழ்ந்த விமானத்தில் இந்தியர் 13 பேர் உயிரிழந்தனர். 2022 மே 29 அன்று அதே பாதையில் சென்ற விமானம் மலையில் மோதியதில் 22 பேரும் மாண்டனர். மலை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அப்போது செயல்படாதவாறு அடக்கி வைக்கப்பட்டிருந்தது என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

பழைய விமானங்களே இதற்குக் காரணம் என்று கருதுவாரும் உளர். அது முழு உண்மையன்று. 2016 பிப்ரவரி 24 அன்று இதே பாதையில் 23 பேருடன் அழிந்த விமானம், ஆலையிலிருந்து வந்து ஓராண்டுகூட நிறையாத புத்தம் புதியது. வானிலையே காரணம் என்பதும் எப்போதும் பொருந்தாது. 2023 சனவரி 15 அன்று பொக்காராவில் தரையிறங்கும் வேளையில் வீழ்ந்து 72 பேரைப் பலிகொண்ட விமானம் தெளிந்த வானத்திலேயே பறந்தது. இறக்கையின் மடிப்பை இயக்குவதற்கு மாறாக, இரண்டு எஞ்சின்களின் விசையையும் அற்றுப்போகச் செய்யும் நெம்புகோல்களை விமானிகள் தவறுதலாக நகர்த்திவிட்டனர் என்று விசாரணைக் குழு கண்டது. ஆகவே விமானத்தின் வயதைக் காட்டிலும், இயக்குவோரின் பயிற்சியும், அவர்களைக் கண்காணிக்கும் அரசின் கண்டிப்புமே முதன்மையானவை.

இவற்றைப் பயணி எவ்வாறு அறிவது? வழிகள் உள்ளன.

முதலாவது, ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் தடைப் பட்டியல். தன் வான்வெளியில் பறக்கத் தகாதவை என அது கருதும் நிறுவனங்களின் பெயர்கள் அதில் உள்ளன. 2013 டிசம்பரில் நேபாள நிறுவனங்கள் அனைத்தும் அதில் சேர்க்கப்பட்டன. அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகியும் விடுபடவில்லை. விமான நிலையங்களை நடத்துவதும் விமானங்களைக் கண்காணிப்பதும் அங்கு ஒரே அமைப்பின் கையில் இருப்பது பெருங்குறை என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. தேர்வு எழுதுபவரே தம் விடைத்தாளையும் திருத்துவது போன்றதன்றோ இது!

எனினும், இப்பட்டியல் தலையெழுத்தன்று. 2007-இல் இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. அந்நாடு படிப்படியாகத் தன் முறைகளைத் திருத்திக்கொண்டது. 2018-இல் எஞ்சிய தடையும் நீங்கிற்று. ஆகவே பயணத்துக்கு முன் புதிய பட்டியலையே நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, 'ஐயாட்டா' எனப்படும் உலக விமான நிறுவனங்களின் சங்கம் நடத்தும் பாதுகாப்புத் தணிக்கை. இதில் தேறிய நிறுவனங்களின் பதிவேட்டை எவரும் காணலாம். ஏழை நாட்டு விமானம் என்றாலே அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் சான்று. அது இத்தணிக்கையில் தேறி, உலகின் பல பெருநகரங்களுக்குப் பறக்கிறது. 2019-இல் அதன் விமானம் வீழ்ந்து 157 பேர் மாண்டது உண்மையே. ஆயினும் அந்த வகை விமானத்தின் அமைப்பிலிருந்த குறையே அதற்கு அடிப்படை என்று கண்டு, உலகெங்கும் அவ்வகை விமானங்களை நிறுத்தி வைத்தனர்.

மூன்றாவது, பயணத்தைப் பகுத்துப் பார்த்தல். தில்லியிலிருந்து காட்மாண்டு வரை நம் நாட்டு விமானத்திலேயே செல்லலாம். அன்றேல் கோரக்பூர் வரை இரயிலில் சென்று, எல்லை கடந்து சாலை வழியே பொக்காரா அடையலாம். எஞ்சுவது மலைப்பகுதி ஒன்றே. அதற்கும் ஜீப் செல்லும் சாலை உண்டு. பகற்பொழுது முழுவதும் உடல் நோகும். மழைக்காலத்தில் நிலச்சரிவு அச்சமும் உண்டு. மழையற்ற மாதங்களில், உடல்வலிமை உடையோர் அதனைக் கருதலாம்.

விமானத்தையே நாடுவோருக்கு நாம் சொல்ல வேண்டுவது ஒன்று உண்டு. இவ்வுரையின் சாரமும் அதுவே. எந்தப் பட்டியலும் தராத பாதுகாப்பு ஒன்று நம் கையில் உள்ளது. அதுதான் கால அவகாசம். திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்று நாள் குறித்துச் செல்லும் குழு, மேகத்தைக் கண்டாலும் விமானம் புறப்படவே விழைகிறது. தாமதமானால் அதிகாரிகளோடு வழக்காடுகிறது. பணம் திரும்பாதே என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. பறப்பதா நிற்பதா என்று முடிவு செய்யும் விமானி மீது இந்நெருக்கடி ஒரு துளியும் விழலாகாது.

ஆகவே நம் யாத்திரைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பொக்காராவிலும் ஜோம்சோமிலும் இரண்டிரண்டு நாட்களை வெறுமனே விட்டுவைத்துத் திட்டம் வகுப்பீர்களாக. அந்நாட்களுக்கான சத்திரச் செலவை முன்னரே கட்டணத்தில் சேர்ப்பீர்களாக. காலையின் முதல் விமானத்திலேயே இடம் பதிவு செய்வீர்களாக. "இன்று விமானம் இல்லை" என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்காமல், அவ்வாறு சொன்னவருக்கு நன்றி கூறுவீர்களாக. காப்புறுதிப் பத்திரம் மலைப்பகுதி விமானங்களுக்கும் செல்லுமா என்று படித்துப் பார்ப்பீர்களாக.

முதிய தாய் தந்தையரை நம்மை நம்பி அனுப்புகின்றனர் உடன்பிறந்தார். அவர்களை முக்திநாதன் திருமுன் கொண்டு நிறுத்துவது நம் பணியின் பாதியே. மீண்டும் இல்லத்து வாயிலில் கொண்டு சேர்ப்பதே மறுபாதி. பெருமான் நாளையும் அங்கேயே எழுந்தருளியிருப்பான். அவனைக் காண நாமும் நாளை இருத்தல் வேண்டும்.