காசுப் படையும் ஒவ்வாமையும்

(செண்டாயான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



காலிலோ கையிலோ 50 காசு வட்டத்தில் ஒரு படை. அரிப்பு, நீர்க்கசிவு, பிறகு பொருக்கு. இதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். "இரத்தம் கெட்டுவிட்டது, கருவாட்டை நிறுத்து" என்பார் ஒருவர். "ஒட்டிக்கொள்ளும், தள்ளி உட்கார்" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. இது காசு வடிவக் கரப்பான், பிறருக்குத் தொற்றாது.

அப்படியானால் இது ஒவ்வாமையா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சில குடும்பங்களில் இழுப்பு, விடாத தும்மல், குழந்தைக் கரப்பான் ஆகியவை வழிவழியாக வரும். அது பிறவி ஒவ்வாமைத் தன்மை. அத்தகைய பிள்ளைகளுக்குக் காசுப் படையும் வருவதுண்டு. ஆனால், வயது வந்த பின் இது காணும் பலருக்கு அந்தத் தன்மை கிடையாது. தோல் வறட்சி, பூச்சிக்கடி, சிறு காயம் இவையே தொடக்கமாகலாம். ஆகவே, படையைக் கண்டதும் சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்திவிடாதீர்கள். குளித்தவுடன் வாசலின் தடவித் தோலைக் காயாமல் வையுங்கள்.

வேறொரு ஒவ்வாமையும் உண்டு. அது தொட்ட பொருளால் வருவது. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் பட்டால் யார் தோலும் எரியும். அது ஒவ்வாமை அன்று. ரப்பர்க் கையுறை, பூட்ஸ் ஆகியவற்றில் தொழிற்சாலையில் சேர்க்கும் தையூரம் போன்ற இரசாயனங்களோ சிலருக்கு மட்டுமே ஒத்துக்கொள்ளாது. தொட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ அரிப்புக் கிளம்பும். நாம் வெட்டிக் கொடுத்த பால், இரசாயனம் சேர்ந்து கையுறையாகத் திரும்பி வந்து நம் கையையே பதம் பார்க்கிறது!

இதைக் கண்டறிய ஒட்டுச் சோதனை உண்டு. சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். படை ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால், தோல் மருத்துவரிடம் இச்சோதனையைக் கேளுங்கள்.

கடைக் களிம்பில் எச்சரிக்கை வேண்டும். படர்தாமரையும் வட்டமாகவே இருக்கும். ஸ்டீராய்டுக் களிம்பு கரப்பானைத் தணிக்கும், படர்தாமரையையோ வளர்த்துவிடும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. வேலையால் வந்த தோல் நோய்க்கு 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பெர்க்கேசோவில் கோரிக்கை செய்யலாம். எந்தத் தேதியில் படை கண்டது, என்ன கையுறை, என்ன மருந்து என்பதை எழுதி வைக்க உதவுங்கள். எழுத்தில் இல்லாததை நிரூபிப்பது கடினம்.

தோழர்களே, வேலை போய்விடுமோ என்று படையை மறைக்காதீர்கள். கை நன்றாக இருந்தால்தான் உளி பிடிக்க முடியும்.