கழுத்து திரும்பாத தோழி
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருந்தாள். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பமாட்டாள். முழு உடம்பையும் திருப்புவாள். வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கும்போதும் அப்படித்தான். நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

நாற்பது வயதில் கழுத்துநோவுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது, இரண்டு முள்ளென்புகள் ஒன்றாகச் சேர்ந்திருப்பது தெரிந்தது. "பழைய காசநோயாக இருக்கலாம்" என்று யாரோ சொல்ல, வீட்டில் அவளுக்குத் தனிக் கோப்பை வைத்துவிட்டார்கள். படத்தோடு என்னிடம் வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

கருவில் எட்டாம் வாரத்துக்குள் முள்ளந்தண்டு துண்டு துண்டாகப் பிரியவேண்டும். பிரியாமல் நின்றுவிட்டால் அது பிறவிச் சேர்க்கை. கழுத்தில் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் இப்படி நிற்கும். சேர்ந்த இடம் குளவியின் இடைபோல ஒடுங்கியிருக்கும். ஆனால் உயரம் குறையாது. இரண்டு எலும்பும் நடுவில் இடைத்தட்டும் இருந்தால் வரும் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். பின்புற வளைவுகளும் பல வேளைகளில் ஒட்டியிருக்கும்.

காசநோய் அரித்துவிட்டுத்தான் சேர்க்கும். இடைத்தட்டு கரையும், முன்பக்கம் இடியும், உயரம் குறைந்து கூன் விழும். பின்வளைவுகள் பெரும்பாலும் தப்பிவிடும். முதுகை மூங்கில்போல ஆக்கும் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் வேறு. அது ஓரங்களில் மெல்லிய பாலம் போடும். எங்களை ஏமாற்றுவது சிறுவயதில் வரும் மூட்டுவாதம். வளர்ந்து முடியுமுன் சேர்வதால் அதுவும் எலும்பை ஒடுக்கிவிடும். அப்போது படம் மட்டும் போதாது, நோயாளியின் கதையைக் கேட்கவேண்டும்.

தோழியின் கதை எனக்குத் தெரியும். படத்திலும் இடை ஒடுங்கி, பின்வளைவு சேர்ந்திருந்தது. 1912இல் பாரிஸில் கிளிப்பெல், ஃபேல் என்ற இரு வைத்தியர்கள் விவரித்த நிலை இது. குட்டைக் கழுத்து, தாழ இறங்கிய பின்மயிர், திரும்பாத கழுத்து என்று புத்தகத்தில் படித்தோம். மூன்றும் ஒன்றாக இருப்பது பாதிப்பேருக்கும் குறைவு.

பெயர் வைத்ததோடு வேலை முடியாது. கழுத்தெலும்பு உருவாகும் அதே வாரங்களில்தான் மற்ற உறுப்புகளும் உருவாகின்றன. ஆகவே காது, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்க்கவேண்டும். ஸ்கேனில் அவளுக்கு ஒரு சிறுநீரகம்தான் இருந்தது. அது தெரியாமல் வருடக்கணக்காக நோவு மாத்திரை விழுங்கியிருக்கிறாள்!

மாத்திரையை நிறுத்தினோம். தனிக் கோப்பையும் போய்விட்டது. மயக்கமருந்து கொடுக்குமுன் வைத்தியருக்குக் காட்டவேண்டிய குறிப்பு இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பேசவேண்டுமானால் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நில்லுங்கள்.